நடுவில் இருக்கும் எலும்பு: கணுக்கால் முறிவும் அறுவை சிகிச்சையும்

எலும்பு மருத்துவம் படிக்க வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. குனிந்து உங்கள் ஒரு காலின் கணுவை இரண்டு பக்கமும் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் ஒரு புடைப்பு, வெளிப்பக்கம் ஒரு புடைப்பு. இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை என்பது கைக்கே தெரியும். வெளிக்கணு கீழே இறங்கியிருக்கிறது, கொஞ்சம் பின்னாலும் தள்ளியிருக்கிறது. ஸ்குரு போடும்போது இது நமக்குத் தேவைப்படும்.

உள்கணு டிபியாவின் நுனி, அதாவது முழங்காலுக்குக் கீழுள்ள பருமனான எலும்பின் நுனி. வெளிக்கணு அதன் பக்கத்தில் வெளிப்புறமாக ஓடும் ஒல்லி எலும்பான ஃபிபுலாவின் நுனி. இரண்டுக்கும் நடுவே, கைக்குச் சரியாக அகப்படாமல் உட்கார்ந்திருப்பது டேலஸ். கணுக்கால் எலும்பு என்றால் உண்மையில் இதுதான். புதிதாக வருகிறவர்கள் எக்ஸ்ரேயை எடுத்தவுடன் முறிவு எங்கே என்று தேடுகிறார்கள். முதலில் டேலஸ் தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முறிவு எங்கேயும் ஓடிவிடாது.

டேலஸ் ஒரு விசித்திரப் பிறவி. அதில் ஒரு தசையும் ஒட்டியிருக்கவில்லை. உடல் எடை டிபியா வழியாக இதன் மேல் இறங்குகிறது. இது அதைக் குதிகால் எலும்புக்கும் பாதத்தின் முன்பகுதிக்கும் பிரித்து அனுப்புகிறது. எல்லாப் பக்கமும் மூட்டாக இருப்பதால், மேற்பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இழுத்துப் பிடிக்கத் தசை இல்லை. சுற்றியுள்ள எலும்புகளும் ஜவ்வுகளும் எங்கே நிறுத்துகின்றனவோ அங்கேதான் நிற்கும். தச்சர் ஒரு சட்டத்தில் துளை போட்டு இன்னொன்றின் முனையை அதில் செருகுவாரே, டிபியாவும் ஃபிபுலாவும் சேர்ந்து அப்படி ஒரு துளையை அமைக்கின்றன. அதில் செருகிய முனை டேலஸ். முனையின் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தை மேலே மடக்கினால் அகலமான பகுதி உள்ளே வந்து இறுகும். பாதத்தைக் கீழே நீட்டினால் குறுகிய பகுதி வந்து கொஞ்சம் தளரும்.

இந்தப் பொருத்தம் எவ்வளவு நுட்பமானது? 1976-இல் ராம்சே, ஹாமில்டன் இருவரும் இறந்தவர்களின் கால்களில் அளந்து பார்த்தார்கள். டேலஸ் வெளிப்பக்கம் 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே, மூட்டில் எலும்பும் எலும்பும் தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். பரப்பு குறைந்தால் அதே எடை சிறு இடத்தில் அழுத்தும், குருத்தெலும்பு தேயும். பரீட்சையில் எல்லோரும் இந்த எண்ணை எழுதுகிறார்கள். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு, ஃபிபுலா முறிந்த எல்லோருக்கும் உலோகப் பிளேட் வைக்கக் கிளம்பிவிடக் கூடாது. உள்கணுவையும் டேலஸையும் கட்டும் டெல்டாய்டு ஜவ்வின் ஆழமான இழைகள் முழுதாக இருந்தால், வெளிக்கணு மட்டும் முறிந்த காலில் டேலஸ் பெரும்பாலும் நகர்வதில்லை. அந்தக் கால் ஆபரேஷன் இல்லாமலே நன்றாகக் கூடும்.

ஆக, கேள்வி உள்பக்கத்தைப் பற்றியது. உள்கணுவின் கீழே தொட்டால் வலிக்கிறது, நீலம் பாய்ந்திருக்கிறது என்பதை மட்டும் நம்பி ஜவ்வு அறுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. காலை 15 முதல் 20 டிகிரி உள்பக்கம் திருப்பி எக்ஸ்ரே எடுங்கள். வெளிக்கணு பின்னால் தள்ளியிருப்பதால் அப்படித் திருப்பினால்தான் டேலஸுக்கும் கணுக்களுக்கும் நடுவே இரண்டு பக்க இடைவெளியும் தெளிவாகத் தெரியும். உள்பக்க இடைவெளி 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் காலின் சொந்த எடையிலேயே பாதம் தொங்கும்படி வைத்தோ, நிற்க வைத்தோ மறுபடி எடுங்கள்.

சரி, ஆபரேஷன் தேவை என்று முடிவாகிவிட்டது. ஃபிபுலாவுக்கு அதன் முழு நீளமும் சரியான திருப்பமும் திரும்பக் கிடைக்க வேண்டும். அது 2 மில்லிமீட்டர் குட்டையாகக் கூடினால்கூட டேலஸ் அந்தப் பக்கம் சாய இடம் கிடைத்துவிடும். பிளேட் எக்ஸ்ரேயில் அழகாக இருக்கிறது என்பது போதாது. தோலைக் கீறும்போது ஒரு நரம்பையும் நினைவில் வையுங்கள். மேலோட்டப் பெரோனியல் நரம்பு, வெளிக்கணுவின் நுனியிலிருந்து சுமார் 10 முதல் 12 செண்டிமீட்டர் மேலே தசையுறையைத் துளைத்து வெளியே வருகிறது. மேலே நீளும் கீறல் அதன் பாதையில்தான் போகும்.

அப்புறம் சின்டெஸ்மோசிஸ், அதாவது டிபியாவையும் ஃபிபுலாவையும் கீழே கட்டிப்போடும் ஜவ்வுத் தொகுதி. டிபியாவின் வெளிப்பக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு, ஃபிபுலா அதில் அமர்கிறது. ஜவ்வுகள் அறுந்துவிட்டால் ஃபிபுலா அந்தப் பள்ளத்திலிருந்து வழுக்கும். அதைப் பிடிக்க ஸ்குரு போடுகிறோம். ஃபிபுலா பின்னால் இருப்பதால் ஸ்குரு நேர் குறுக்காகப் போகக் கூடாது. பின்னிருந்து முன்னோக்கி 25 முதல் 30 டிகிரி சாய்ந்து போக வேண்டும். தொடக்கத்தில் கையால் தொட்டுப் பார்த்தீர்களே, அந்தச் சாய்வு இதுதான். ஸ்குரு போடும்வரை இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்கும் கவ்வியைத் தவறான கோணத்தில் இறுக்கினால் எலும்பைத் தவறான இடத்தில் உறுதியாகக் கட்டிவிடுவோம். எக்ஸ்ரே இதை எளிதில் மறைத்துவிடும், சி.டி. ஸ்கேனில் மற்றக் காலோடு ஒப்பிட்டால் தெரியும்.

கணுவில் வீக்கம், ஆனால் கணுவின் எக்ஸ்ரேயில் வெளிப்பக்கம் முறிவே இல்லை என்று வந்தால் முழங்கால் வரை தடவிப் பாருங்கள். 1840-இல் பிரெஞ்சு மருத்துவர் மேசன்னூவ் விவரித்த வகையில், விசை எலும்புகளின் இடையே மேலேறிப் போய் ஃபிபுலாவை அதன் மேல் முனைக்கருகே உடைக்கும். வலி கீழே, முறிவு மேலே.

டிபியாவின் பின்விளிம்பு முறிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூட்டுப் பரப்பில் கால் பங்குக்கு மேல் இருந்தால் மட்டும் பொருத்து என்ற பழைய விதி இப்போது தளர்ந்துவிட்டது. சின்டெஸ்மோசிஸின் வலுவான பின் ஜவ்வு அந்தத் துண்டில்தான் ஒட்டியிருக்கிறது. துண்டைப் பொருத்தினால் ஜவ்வும் கூடவே இறுகுகிறது.

இன்னொன்று, தோல். இங்கே எலும்புக்கும் தோலுக்கும் இடையே சதை கிடையாது. மூட்டு விலகியிருந்தால் அதை உடனே இழுத்து இடத்தில் வைக்க வேண்டும், ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது. பிளேட் வைப்பது காத்திருக்கலாம். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழட்டும்.

இதுவரை டேலஸைச் சுற்றியுள்ளவை முறிந்தால் என்ன என்று பேசினோம். டேலஸே முறிந்தால்? முதல் உலகப் போரில் விமானம் விழுந்தபோது விமானிகளின் பாதம் சுக்கான் கட்டையில் அழுந்தி டேலஸின் கழுத்து, அதாவது அதன் தலைக்கும் உடற்பகுதிக்கும் நடுவே உள்ள குறுகிய பகுதி, முறிந்தது. பிரிட்டிஷ் மருத்துவர் கிரேம் ஆண்டர்சன் 1919-இல் இதை எழுதினார். இன்று பெரும்பாலும் வாகன விபத்தும் உயரத்திலிருந்து விழுவதும்தான் காரணம்.

இங்கே பிரச்சினை இரத்தம். பெரும்பகுதி குருத்தெலும்பாக இருப்பதால் இரத்தக் குழாய்கள் நுழைய இடம் குறைவு. காலின் மூன்று தமனிகளும் கிளைகள் அனுப்புகின்றன. ஆனால் டேலஸின் உடற்பகுதிக்கான இரத்தத்தில் பெரும்பங்கு கழுத்துப் பக்கமிருந்து பின்னோக்கிப் போகிறது. கழுத்து முறிந்து விலகினால் அந்தப் பாதை அறுபடும். 1970-இல் மருத்துவர் ஹாக்கின்ஸ் இந்தக் கழுத்து முறிவை மூன்று வகையாகப் பிரித்தார்: விலகாதது, குதிகால் எலும்புடனான மூட்டு விலகியது, கணுக்கால் மூட்டும் சேர்ந்து விலகியது. நான்காவதை 1978-இல் கனேல், கெல்லி சேர்த்தார்கள். வகை ஏற ஏற எலும்பு செத்துப்போகும் வாய்ப்பும் ஏறுகிறது.

மூன்றாம் வகையில் பல நேரம் எஞ்சியிருப்பது டெல்டாய்டு ஜவ்வுக்குள் வரும் ஒரு சிறு தமனிக் கிளை மட்டுமே. உள்பக்கம் இடம் போதவில்லை என்று அந்த ஜவ்வை வெட்டிவிடாதீர்கள். உள்கணுவையே எலும்போடு வெட்டி, ஜவ்வு ஒட்டியபடி கீழே திருப்பி வேலையை முடித்துவிட்டு, மறுபடி ஸ்குருவால் பொருத்துங்கள்.

ஆபரேஷன் முடிந்து 6 முதல் 8 வாரத்தில் எக்ஸ்ரே எடுத்தால், டேலஸின் மேல்வளைவில் குருத்தெலும்பின் கீழே மெல்லிய கருங்கோடு தெரியலாம். இதற்கு ஹாக்கின்ஸ் குறி என்று பெயர். எலும்பு சுண்ணாம்பை இழக்கிறது. இரத்தம் ஓடினால்தான் அது நடக்கும். கோடு தெரிந்தால் நல்ல செய்தி. தெரியாவிட்டால் எலும்பு செத்துவிட்டது என்று நோயாளியிடம் சொல்லிவிடாதீர்கள், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள். அதில் படம் கலங்காமல் வரும் என்பதற்காகவே பலர் டேலஸில் டைட்டானியம் ஸ்குருவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் அதையே சொல்வேன்.