பச்சைக்கு எதிர்ச்சொல் என்ன, சட்டுனு சொல்லுங்க

வணக்கம் மக்களே, மொரீஷியஸ் ரோஸ் ஹில்ல இருந்து பேசுறேன். இன்னைக்கு எதிர்ச்சொல்லைப் பத்திப் பேசலாம். இங்க பிள்ளைங்க வீட்ல கிரியோல் பேசிட்டு ஸ்கூல்ல தமிழ் படிக்கிறாங்க, அவங்களுக்கு எதிர்ச்சொல்னா நடுவுல ஒரு கோடு, இந்தப் பக்கம் இரவு அந்தப் பக்கம் பகல், மனப்பாடம் பண்ணு, பரீட்சையில எழுது, அவ்வளவுதான். இரவு பகலுக்கு அது போதும். மத்ததுக்குப் பத்தாதுங்க.

பச்சைக்கு எதிர்ச்சொல் என்ன? வாங்க அடுப்படிக்கே போயிடலாம். இதோ பச்சை மிளகா, இதுக்கு எதிர்ல காய்ஞ்ச மிளகா. பச்சரிசின்னா எதிர்ல புழுங்கலரிசி. பச்சைத்தண்ணின்னா சுடுதண்ணி. குழம்புல பச்சை வாசனை போகட்டும்னு சொல்றோமே, அங்க பச்சைக்கு எதிர்ல நிக்கிறது நல்லா கொதிச்சு வெந்தது. ஒரே பச்சைதான், ஆனா பக்கத்துல எந்தச் சொல் வந்து உக்காருதோ அதுக்குத் தக்கபடி எதிர்ச்சொல் மாறிட்டே போகுது பாருங்க.

இந்த வெண்டைக்காயப் பாருங்க, நுனிய ஒடிக்கிறேன்... பட்டுனு ஒடிஞ்சுதா, இது இளசு. இது வளையுது, ஒடிய மாட்டேங்குது, முத்தல். புக்ல இளமைக்கு முதுமைன்னு போட்டிருக்கும், சரிதான், ஆனா காய்கறிக் கடையில போய் முதுமையான வெண்டைக்கான்னு கேட்டா யாருக்கும் புரியாதுல்ல? அதனால நான் பிள்ளைங்ககிட்ட தனிச்சொல்லா கேக்குறதே இல்ல, எதுக்குப் பக்கத்துல வருதோ அதோட சேத்துத்தான் கேப்பேன்.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க எதிர்ச்சொல்ல அழகுக்குன்னே பாட்டுல வச்சிருக்காங்க. மோனை எதுகை எல்லாருக்கும் தெரியும், அதே வரிசையில முரண்தொடைன்னு ஒண்ணு இருக்கு. 629-ஆவது குறள எடுத்துப் பாருங்க, முதல் அடி இன்பத்துல ஆரம்பிக்குது, ரெண்டாவது அடி துன்பத்துல ஆரம்பிக்குது, எதுகையும் முரணும் ஒரே இடத்துல. வாய்விட்டுப் படிச்சாத்தான் அந்த சுகம் தெரியும், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது.

இப்ப நம்ம தீவுக்கு வரேன், இதைப் பேசத்தான் இந்த வீடியோவே. பாடத்துல மார்கழி தை முன்பனிக்காலம், ஆனி ஆடி முதுவேனில்காலம். ஆனா நாம இருக்கிறது பூமத்திய ரேகைக்குத் தெக்கால, இங்க எல்லாம் தலைகீழ். தைப்பூசம் உச்சி வெயில்ல வருது, காவடி எடுக்கிறவங்க வெறுங்காலோட தார் ரோட்டுல நடக்கிறாங்க, கால் சுட்டுடும்னு ரோட்டுல தண்ணி ஊத்துறோம். ஆடியில க்யூர்பிப் பக்கம் போனா ஸ்வெட்டர் இல்லாம நிக்க முடியாது, அதோட சாரல் வேற. முன்பனின்னா என்னன்னு பிள்ளை கேட்டா ஜன்னலக் காட்டி விளக்க முடியல, வெளிய வேர்த்துக் கொட்டுது! அதுக்காகப் பாடத்துல இருக்கிறத விட்டுட முடியாது, அது தமிழ்நாட்டு மண்ணுல பாத்து வச்ச கணக்கு, அங்க அது சரி. ஆனா பிள்ளை உடம்புல படுற வெயிலும் உண்மைதானே. அதனால நோட்டுல ஆடி, முதுவேனில்னு எழுத வச்சு, கீழேயே நம்ம ஊர்ல குளிர்காலம்னும் எழுத வைக்கிறேன், ரெண்டுக்கும் மார்க் போடுறேன்.

சரிங்க, அடுத்த வீடியோல இல்லை, அல்ல ரெண்டையும் எடுப்போம், அதுல பேச நிறைய இருக்கு.