பேரிகையும் வேண்டும்

தலைவர் ஐயா அவர்களே, வாழ்த்துரை வழங்கிய கல்வி அலுவலர் அவர்களே, முன்வரிசைப் புலவர் பெருமக்களே, சால்வைக்குப் பதில் புத்தகம் தந்த விழாக் குழுவினரே, வணக்கம். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருளுங்கள். பத்து நிமிடத்தில் இரண்டு இதற்கே போய்விட்டது.

செய்யுளின் வடிவம், யாப்பு என்னும் ஓசைக் கட்டு, மெய்ப்பாடு என்னும் உணர்ச்சி வெளிப்பாடு மூன்றையும் பேசச் சொன்னார்கள். யாப்பிலிருந்து தொடங்குகிறேன். 'காரிகை கற்றுக் கவிபாடுவதிலும் பேரிகை கொட்டிப் பிழைப்பது நன்று' என்பார்கள். யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகையைக் கண்டு மிரண்டவர் எவரோ சொன்னது!

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் தமிழையா கரும்பலகையில் ஒரு குறள் எழுதினார். 'கற்க கசடறக் கற்பவை கற்று நிற்க அதற்குத் தக.' கைதவறியா, வேண்டுமென்றேவா, இன்றுவரை தெரியாது. தேமா, புளிமா என்னும் சீர் வாய்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கும் நாங்கள் நாற்பது பேரும் பார்த்து எழுதிக்கொண்டோம். கடைசி பெஞ்சில் ஒரு மேளக்காரர் மகன். எப்போதும் பெஞ்சில் தட்டிக்கொண்டே இருப்பான். அதற்காக நித்தம் அடி வாங்குவான். அவன் எழுந்து, "ஐயா, 'கற்று' வந்ததும் இடறுகிறது" என்றான். "பொருள் சரியாகத்தானே இருக்கிறது?" என்றார் ஐயா. "பொருள் தெரியாதய்யா, தாளம் விழவில்லை" என்றான்.

வள்ளுவர் எழுதியது 'கற்றபின்'. அது கூவிளம், விளத்தை அடுத்து நேர், அதாவது ஒற்றைத் தட்டு அசை, வரலாம். 'கற்று' தேமா, மாவை அடுத்து நிரை என்னும் இரட்டைத் தட்டு அசைதான் வர வேண்டும், 'நிற்க' நேரில் தொடங்குகிறது. சீரோடு சீரைக் குறளில் இணைக்கும் வெண்டளை அறுந்துவிட்டது. எங்கள் நோட்டுக்குத் தெரியாதது அவன் விரலுக்குத் தெரிந்தது. சீர் பிரித்து அலகிடும் வினாவில் அவன் வாங்கியது என்னவோ சுழியம். காரிகை கற்ற நாங்கள் தேறினோம். பேரிகை கொட்டியவன் தேறவில்லை.

மெய்ப்பாட்டுக்கு வருகிறேன். குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு, 'யாயும் ஞாயும் யாரா கியரோ.' ஐந்தே அடி. மற்ற அடிகளில் நான்கு சீர். கடைசிக்கு முந்தைய அடியான 'செம்புலப் பெயனீர் போல' மூன்றே சீர். நேரிசை ஆசிரியப்பா என்னும் பாவகையின் இலக்கணம் அது. தேர்வில் இதன் மெய்ப்பாடு 'உவகை' என்றெழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் பிரிந்துவிடுவானோ என்று கலங்கும் பெண்ணிடம் பேசுகிறவன், 'போல' என்றதும் மூச்சு வாங்குகிறான் அல்லவா? அந்த ஒரு சீர் வெற்றிடம் வாய்விட்டுப் படிப்பவனுக்கே கேட்கும்.

அதனால்தான் மேடைதோறும் கேட்கிறேன்: செய்யுளை வாய்விட்டுப் படிக்கத் தனி மதிப்பெண் கொடுங்கள். கல்வி அலுவலர் சிரிக்கிறார். சென்ற ஆண்டும் சிரித்தார். பத்து மதிப்பெண் வேண்டாம், ஐந்து போதும்.

வடிவம் பாக்கி இருக்கிறது. தலைவரோ கடிகாரத்தைப் பார்க்கிறார். போகட்டும். எல்லோரும் ஒருமுறை என்னோடு, தொடையில் தட்டிக்கொண்டே: யாயும்... ஞாயும்...