ஜூலையில் அவர்கள் சுடவில்லை

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

நோட்டீஸில் 'போர்கள் தரும் பாடங்கள்' என்று பன்மையில் போட்டிருக்கிறார்கள். கொடுத்த நேரத்தில் எனக்கு ஒரே ஒரு போரைத்தான், 1962 இந்திய-சீனப் போரைத்தான், பேச முடியும். அதிலும் அந்தப் போர் மூள்வதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்த ஒரு சின்ன விஷயத்தைத்தான் முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீட்டில் 1962 என்றால் பாட்டியின் வளையல்தான். தேசிய பாதுகாப்பு நிதிக்கு ஒரு ஜோடி கழற்றிக் கொடுத்தவர், அதற்குப் பதிலாக வேறு வாங்கவே இல்லை. நட்பாக இருந்த சீனாக்காரன் திடீரென்று முதுகில் குத்திவிட்டான் என்பதுதான் அவருக்குத் தெரிந்த கதை. கல்லூரி முடிக்கும் வரை நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஆனால் அது திடீரென்று நடந்ததல்ல. 1959 அக்டோபர் 21-ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பக்கம் போன நம் போலீஸ்காரர்கள் பத்துப் பேரைச் சீனப் படை சுட்டுக் கொன்றது. இன்றும் ஒவ்வொரு அக்டோபர் 21-ம் தேதியும் மாவட்டத் தலைநகரங்களில் காவலர்கள் மலர்வளையம் வைக்கிறார்களே, அது அவர்கள் நினைவாகத் தொடங்கியதுதான். மறுவருஷம் ஏப்ரலில் சீனப் பிரதமர் சௌ என்லாய் டெல்லிக்கு வந்தார். கிழக்கே, இன்றைய அருணாச்சலப் பக்கம், உங்களிடம் இருப்பது உங்களுக்கு, மேற்கே லடாக் பக்கத்து அக்சாய் சின் எங்களுக்கு என்கிற தோரணையில் பேசிப் பார்த்தார். நேரு சம்மதிக்கவில்லை. சம்மதிக்க நினைத்திருந்தாலும் முடிந்திருக்குமா? இரண்டு அரசுகளும் எழுதிக்கொண்ட கடிதங்கள் 1959-லேயே வெள்ளை அறிக்கையாக வெளிவந்துவிட்டன. நாடாளுமன்றம் கொதித்துக்கொண்டிருந்தது. ஊரையே திண்ணையில் உட்காரவைத்துக்கொண்டு யாரால் பேரம் பேச முடியும்?

சரி, முதலில் சொன்ன அந்தச் சின்ன விஷயத்துக்கு, லடாக்கில் இருக்கும் கல்வானுக்கு வருகிறேன். 1961 நவம்பரில் டெல்லியில் ஒரு முடிவெடுத்தார்கள். தகராறில் இருக்கும் இடங்களில் முடிந்தவரை முன்னால் போய்ச் சின்னச் சின்னக் காவல் சாவடிகள் போடுவது. நாம் இருக்கும் இடத்தில் சீனர்கள் பலத்தைப் பிரயோகிக்க மாட்டார்கள் என்பது உளவுத் துறைத் தலைவர் மல்லிக்கின் கணிப்பு. அது வெறும் கணிப்புதான். ஆனால் கோப்பு ஒவ்வொரு மேசையாக ஏற ஏற அது உறுதியான தகவலாகவே ஆகிவிட்டது.

1962 ஜூலையில் கல்வான் பள்ளத்தாக்கில் கூர்க்கா வீரர்கள் ஒரு சாவடி போட்டார்கள். சில நாட்களில் பல மடங்கு பெரிய சீனப் படை வந்து சுற்றி நின்றது. தரைவழி அடைபட்டுப் போனதால் சாப்பாட்டிலிருந்து தோட்டாவரை எல்லாம் வானத்திலிருந்துதான் வரவேண்டும். ஆனாலும் சீனர்கள் சுடவில்லை. டெல்லி நிம்மதிப் பெருமூச்சு விட்டது, கணிப்பு பலித்துவிட்டதாம்! மேற்குப் பிராந்தியத் தளபதி தௌலத் சிங் மட்டும் ஆகஸ்டில், பலம் இல்லாமல் இப்படிப் பரவி நிற்பது ஆபத்து என்று எழுதினார். சாவடிகள் அப்படியே இருந்தன. அக்டோபர் 20 காலையில் அதே கல்வான் சாவடி மீது குண்டுமழை பொழிந்தது. அன்றோடு அந்தச் சாவடி இல்லை.

கிழக்கே, இன்றைய அருணாச்சலத்தில், நம்கா சூ ஆற்றங்கரையில் நிலைமை இன்னும் மோசம். பருத்திச் சீருடை, ஆளுக்கு ஐம்பது தோட்டா, தலைக்கு மேலே தாக்லா முகட்டில் சீனர்கள். அக்டோபர் 12-ல் இலங்கைக்குக் கிளம்பிய நேரு, நம் மண்ணிலிருந்து அவர்களை வெளியேற்ற உத்தரவிட்டிருப்பதாக நிருபர்களிடம் சொன்னார். பத்தே நாளில் நம்கா சூவில் இருந்த படைப்பிரிவின் பிரிகேடியர் தால்வி சீனர்களிடம் கைதியாக இருந்தார்.

1971-ல் நடந்தது வேறு. ஏப்ரலில், கிழக்கு பாகிஸ்தானுக்குள் படையை அனுப்ப இப்போது முடியாது என்றார் தரைப்படைத் தலைவர் மானெக்‌ஷா. பிரதமர் இந்திரா காந்தி அதை ஏற்றுக்கொண்டார். ஆகஸ்ட் 9-ல் சோவியத் யூனியனோடு நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பரில் போர் 13 நாளில் முடிந்தது. அன்று முடியாது என்று ஒருவரால் சொல்ல முடிந்தது, அதைக் கேட்க ஆளும் இருந்தது. 1962-ல் தௌலத் சிங் சொன்னதைக் கேட்க ஆளில்லை.

இன்றைய கதைக்கு வருவோம். 1975-க்குப் பிறகு சீன எல்லையில் மோதலில் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்பதை என்னவோ எழுதி வாங்கிய உத்தரவாதம் போல மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தோம். நானும் சொல்லியிருக்கிறேன். 2020 ஜூன் 15-ல், அதே கல்வானில், 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் ஒருவரும் அதில் உண்டு. எல்லையில் சுடக்கூடாது என்று 1996-ல் போட்ட ஒப்பந்தம் இருந்ததால் துப்பாக்கி வெடிக்கவில்லை. தடியும் ஆணி வைத்த கம்பியும்தான் வந்தன. அப்புறம் தளபதிகள் மட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சுற்றுகள் பேசி, ரோந்து பற்றி உடன்பாடு வந்ததாக அறிவித்தது 2024-ல். தேதியைப் பாருங்கள், அதுவும் அக்டோபர் 21!

கடைசியாக ஒன்று. 1962 தோல்வியை ஆராய்ந்து இரண்டு ராணுவ அதிகாரிகள் கொடுத்த அறிக்கை, ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை என்பார்கள், 1963-லிருந்து அலமாரியில் இருக்கிறது. 2014-ல் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் அதில் ஒரு பகுதியை இணையத்தில் போட்டார். அரசாங்கம் இன்றுவரை வெளியிடவில்லை. 2010-ல் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அதில் உள்ளவை இன்றைய ராணுவ நடவடிக்கைகளுக்கும் பொருந்தக்கூடியவை, அதனால் வெளியிட முடியாது என்று பாதுகாப்பு அமைச்சர் பதில் சொன்னார். அப்போது அந்தப் போர் முடிந்து 47 வருஷம் ஆகியிருந்தது.