வெயிலுக்காகக் கட்டிய சுவர்கள்

நண்பர்களே, கைவிடப்பட்ட மனநல மருத்துவமனை என்றதும் நம்மில் பலருடைய கேமரா இருட்டைத்தான் தேடுகிறது. சக்கர நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, நிறங்களை மங்கவைத்து, பேய்வீடு போல ஒரு படம். இந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். அங்கே வாழ்ந்தவர்கள் நோயாளிகள், பேய்கள் அல்லர்.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த இத்தகைய கட்டடங்களில் பல, தாமஸ் கிர்க்பிரைடு என்ற மருத்துவர் வகுத்த திட்டப்படி அமைந்தவை. நடுவே நிர்வாகப் பகுதி. இருபுறமும் வார்டுகள், ஒன்றைவிட ஒன்று சற்றே பின்தள்ளி. வெயிலும் காற்றும் எல்லா வார்டுக்கும் வர வேண்டும், நோய் தீர அவை துணைசெய்யும் என்பது அவர் நம்பிக்கை. ஆகவே ஃபிளாஷைப் பையிலேயே வைத்துவிடுங்கள். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்திறனைக் குறைத்து, ஷட்டரைச் சில விநாடி திறந்து வையுங்கள். ஜன்னல் வெயில் பக்கவாட்டில் விழும்போது, சுவரில் பெயிண்ட் சுருள்சுருளாக உரிந்து நிற்பதும், ஒவ்வொரு சுருளுக்கும் அடியில் பழைய பூச்சு வேறு நிறத்தில் எட்டிப் பார்ப்பதும் தெரியும். கட்டடத்தைச் சூடாக்குவது நின்றபின் ஈரமும் பனியும் செய்த வேலை அது. அந்தச் செதில்களில் ஈயம் இருக்கலாம், குழாய்களின் உறையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம்; இரண்டும் உடலுக்குக் கேடு. அனுமதியும் தகுந்த முகக்கவசமும் இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள்.

மேற்கு வர்ஜீனியாவின் வெஸ்டன் மருத்துவமனை 250 பேருக்காகக் கட்டப்பட்டது. 1950களில் அங்கே சுமார் 2,400 பேர் அடைந்து கிடந்தார்கள். வெயிலுக்காகக் கட்டிய வார்டில் கட்டிலோடு கட்டில் இடித்திருக்கும். அழகிய திட்டம் எப்படிப் பாழானது என்பதையும் படம் சொல்ல வேண்டுமானால், அறையின் அளவு தெரியும்படி எடுங்கள்.

நியூயார்க் மாநிலத்தின் வில்லர்டு மருத்துவமனை 1995இல் மூடப்பட்டபோது, பரணில் நோயாளிகளின் பெட்டிகள் 400க்கும் மேல் கிடைத்தன. சேர வந்த அன்று கையோடு கொண்டுவந்தவை! புகைப்படக் கலைஞர் ஜான் கிறிஸ்பின் அவற்றைத் திறந்து, உள்ளிருந்த பொருள்களைப் படமெடுத்தார். எத்தனை இடிந்த கூரைகளைக் காட்டினாலும் அந்தப் பெட்டிகளுக்கு ஈடாகாது என்பேன். ஆனால் தரையில் கிடக்கும் மருத்துவக் கோப்பில் ஒருவரின் பெயர் தெரிந்தால் கேமராவைத் திருப்பிக்கொள்ளுங்கள். அதை ஊருக்குக் காட்டும் உரிமை நமக்கில்லை.

நியூ ஜெர்சியின் கிரேஸ்டோன் பார்க் மனநல மருத்துவமனையில் பழைய பிரதான கட்டடத்தை 2015இல் இடித்துவிட்டார்கள். எந்தக் கட்டடத்துக்கும் அந்த நாள் வரலாம். அதனால் மனம் கவர்ந்த கோணத்தை எடுத்த பிறகு, அதே வார்டை நேராக நின்று இன்னொரு முறை எடுங்கள். நடைக்கூடத்தை முழுநீளத்துக்கு எடுங்கள், கதவுக் கீலை அளவுகோல் வைத்து எடுங்கள். எந்த வார்டு, எந்தத் தேதி என்று எழுதி, ஒரு பிரதியை அந்த ஊர் ஆவணக் காப்பகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.