சுங்கான் ஏன் வன்னிக்கு வரேல்ல?

(காட்சி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு வயல். விடியுது. காவல் கொட்டில்.)

அப்புவின்ர வலது காதைப் பாருங்கோ. மேலே சொருகியிருக்கிறது குறைச் சுருட்டு. இரவு முழுக்க யானைக்கும் பண்டிக்கும் காவலிருந்தவர். பாதி பத்திப்போட்டு நூத்து வைச்சிருக்கிறார். தேத்தண்ணி வந்தாப் பிறகுதான் மிச்சம்.

புகையிலை வைச்சுப் பத்துற குழாய், பைப் எண்டுறது, அதுதான் சுங்கான். நான் கேட்டன்: "அப்பு, நீங்கள் சுங்கான் பத்தியிருக்கிறியளோ?"

"சுங்கானோ? அது எங்களுக்கு எதுக்கடா தம்பி? முந்திக் குளத்துக்கட்டுப் பாக்க வந்த இஞ்சினியர் ஐயா ஒராள் வைச்சிருந்தவர். பத்தினதை விடத் துடைச்சதுதான் கூட."

அந்த "எதுக்கடா"வுக்குப் பதில் தேடப் போனன். பெரிய சுத்துச் சுத்தவேண்டி வந்திட்டுது. வாங்கோ.

(காட்சி: உலக வரைபடம். அமெரிக்கா.)

புகையிலையின்ர சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 1492இல கொலம்பஸ் போய் இறங்கும் வரைக்கும் எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் அந்தச் செடியைத் தெரியாது. ஆனா அங்கத்தைய ஆக்களுக்கு அது பழைய சங்கதி. அலபாமாவில கிடைச்ச, ஏறத்தாழ 3500 வருசப் பழசான ஒரு குழாயில நிக்கொட்டின் ஒட்டியிருந்ததை ஆய்வுகூடத்தில கண்டுபிடிச்சிருக்கினம்.

ஒஹாயோவில 2000 வருசத்துக்கு முந்தின கல்லுக் குழாயள் கனக்கக் கிடைச்சிருக்கு. ஒண்டில நீர்நாய், ஒண்டில தவளை, ஒண்டில பருந்து. அதுகளில கனக்க மிருகங்கள் பத்துறவரின்ர பக்கம்தான் திரும்பியிருக்கு. நீங்கள் புகையை இழுக்கேக்க அது உங்கட முகத்தை நேருக்கு நேர் பாத்துக்கொண்டிருக்கும்!

வடக்கே மின்னசோட்டாவில ஒரு சிவப்புக் கல் இருக்கு. செதுக்கத் தோதான மெதுக் கல். ஜோர்ஜ் கட்லின் எண்ட ஓவியர் 1836இல அந்தக் கல்லுக்கிடங்கைப் போய்ப் பாத்தவர். கல்லுக்கும் கட்லினைற் எண்டு அவற்ற பேர்தான் போச்சுது, தோண்டினவையின்ர பேர் போகேல்ல. 1937இல அந்த இடத்தைத் தேசிய நினைவிடமாக்கினவை. இண்டைக்கும் அங்க கல் எடுக்க உரிமை பழங்குடி ஆக்களுக்கு மட்டும்தான், அதுவும் கைக்கருவியாலதான். படங்களில "சமாதானக் குழாய்" எண்டு காட்டுவினமே, அது இந்தக் குழாய்தான். ஆனா சமாதானத்துக்கு மட்டும் இல்லை. போர் உடன்படிக்கை, வியாபாரம், வழிபாடு எல்லாத்துக்கும் அது கை மாறும். எங்கட பக்கம் வெத்திலைத் தட்டத்தை முன்னால நீட்டினா எவ்வளவு கதை அதுக்குள்ள இருக்கு? அதுபோல எண்டு நினையுங்கோ.

(காட்சி: மேசையில வெள்ளைக் களிமண் சுங்கான் துண்டுகள்.)

இனி வாறது எனக்கு நல்லாப் பிடிச்ச இடம்.

16ஆம் நூற்றாண்டு முடியிற நேரம் இங்கிலாந்தில சுங்கான் பரவுது. இலை கடல் கடந்து வாற சாமான், விலையும் அப்பிடித்தான். அதால முதல் வந்த களிமண் சுங்கானின்ர கிண்ணத்துக்குள்ள உங்கட சுண்டுவிரல் நுனிதான் போகும். 1604இல அரசர் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைத் திட்டித் தானே ஒரு சின்னப் புத்தகம் எழுதினவர், வரியையும் தாறுமாறா ஏத்தினவர். சனம் விடேல்ல. பேந்து வெர்ஜீனியாவில பெரிய தோட்டங்கள் வந்து, போகப் போக ஆபிரிக்க அடிமைகளின்ர உழைப்பும் சேர, இலை மலிஞ்சுது. இலை மலிய மலிய, கிண்ணம் பெருத்தது. ஒரு நாட்டில இலை என்ன விலை வித்தது எண்டு குப்பைக்குள்ள கிடக்கிற கிண்ணமே சொல்லிப்போடும்.

ஏன் குப்பை எண்டுறன்? களிமண் சுங்கான் மலிவு. கெதியா உடையும். உடைஞ்சா எறிவினம், வேற வாங்குவினம். அதால பழைய ஆங்கிலக் குடியிருப்பு எங்க தோண்டினாலும் தண்டுத் துண்டுகள் வரும். எங்கட பக்கம் தோண்டினா ஓட்டுத் துண்டு வாற மாதிரி.

1954இல ஹாரிங்டன் எண்ட அமெரிக்கத் தொல்லியலாளர் ஒரு வேலை செய்தார். காலம் தெரிஞ்ச தண்டுத் துண்டுகளை எடுத்து, துளைக்குள்ள ட்ரில் அலகை விட்டு அளந்தார். தச்சுப் பட்டறையில கிடக்கிற அதே அலகு! ஒரு அங்குலத்தை 64 பங்காப் பிரிச்சா, 1600ஐ ஒட்டின காலத்துத் துளை 9 பங்கு. 18ஆம் நூற்றாண்டின்ர பிற்பாதியில 4 பங்கு. வருசம் போகப் போகத் துளை ஒடுங்குது. தண்டு நீள நீள, துளை போடுற கம்பியை மெல்லிசாக்க வேண்டி வந்தது எண்டு அதுக்குக் காரணம் சொல்லுவினம்.

1962இல லூயிஸ் பின்ஃபோர்ட் எண்ட இன்னொரு தொல்லியலாளர் இதை ஒரு சூத்திரமாக்கினார். துளை எத்தினை பங்கோ அதை 38.26ஆல பெருக்கி, 1931.85இல இருந்து கழிச்சா, சுங்கான் செய்த வருசம் வரும். 7 பங்குத் துளை எண்டா 1664 வரும். இஞ்ச ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்சு ஆறாவது வருசம். ஒரு துண்டை வைச்சுச் சொல்லேலாது, குவியலா அளந்து சராசரி எடுக்கவேணும். அதோட, இந்தக் கணக்குப்படி 1931 முடியேக்க உலகத்தில ஒரு சுங்கானிலயும் துளை இருந்திருக்கக் கூடாது. கணக்கு வாத்திமாருக்கு நல்ல பகிடி.

(காட்சி: மூங்கில் தண்டு, உலோகக் கிண்ணம்.)

யப்பானில கிசெரு. நடுவில மூங்கில், ரெண்டு நுனியிலயும் உலோகம். புகையிலையைத் தலைமயிர் மாதிரி மெல்லிசாச் சீவி, ஒரு கிள்ளு உருட்டி வைச்சா ரெண்டு மூண்டு இழுவை. அவ்வளவுதான். கொரியாவில அதுக்கு நேர்மாறு, நீளம்தான் கௌரவம். பெரிய வீட்டு ஆக்களின்ர குழாய் எவ்வளவு நீளமெண்டா, வாயில வைச்சுக்கொண்டு தன்ர கையால நெருப்பு வைக்க எட்டாது, வேலைக்காரன் வைக்கவேணும். அங்க கதை சொல்லத் தொடங்கேக்க "புலி புகை குடிச்ச காலத்திலே" எண்டுதான் தொடங்குவினம். எங்கட பெத்தாச்சிமாற்ற "ஒரு ஊரில ஒரு ராசா" மாதிரி.

(காட்சி: காஞ்ச தேங்காய்ச் சிரட்டை, அதில ரெண்டு துளை.)

இனி எங்களுக்குக் கிட்ட வாறம். உக்கா எண்டா புகையைத் தண்ணிக்குள்ளால இழுக்கிற குழாய். மத்திய கிழக்கில அதுக்கு நார்கிலே எண்டு ஒரு பேர். பாரசீகத்தில நார்கில் எண்டா தேங்காய். அது சமஸ்கிருத நாரிகேளத்தில இருந்து போனது. நாங்களும் நாளிகேரம் எண்டு சொல்லுறனாங்கள்தானே. தண்ணி விடுற பாத்திரம் முதலில தேங்காய்ச் சிரட்டை. அது பிறகுதான் கண்ணாடியும் வெள்ளியுமா மாறினது. தென்னை வளராத ஊரில கண்ணாடிக் குடுவையைத் தேங்காய் எண்டு கூப்பிடினம்!

அக்பரின்ர கடைசிக் காலத்தில அசாத் பேக் எண்டவர் பீஜப்பூரில இருந்து புகையிலையையும், கல்லுப் பதிச்ச குழாயையும் கொண்டுபோய் முன்னுக்கு வைச்சவர். அரண்மனை வைத்தியர் தடுக்க, அக்பர் ரெண்டு இழுவை இழுத்துப் பாத்தார். மகன் ஜஹாங்கீர் 1617இல தடை போட்டார். தடை நிக்கேல்ல, உக்கா நிண்டது.

தண்ணிக்குள்ளால வாற புகை சுத்தம் எண்டு அண்டைக்கும் நம்பினவை, இண்டைக்குக் கொழும்பில ஷீஷா எண்ட பேரில உக்கா பத்துற பொடியளும் நம்பினம். தண்ணி புகையைக் குளிராக்கும். கார்பன் மொனொக்சைட்டைப் பிடிக்காது.

(அப்பு இருமுறது கேக்குது. அதை நான் வெட்டேல்ல.)

மிச்சம் ரெண்டைக் கெதியாச் சொல்லிப்போடுறன். துருக்கியில எஸ்கிசெஹிர் பக்கம் கிடங்கு வெட்டி எடுக்கிற மீர்ஷாம் எண்ட வெள்ளைக் கல். பேருக்குக் கடல்நுரை எண்டு கருத்து, பத்தப் பத்த மண்ணிறமாகும். மற்றது 19ஆம் நூற்றாண்டு நடுவில பிரான்சின்ர செயின்ட் குளோட் ஊர் பேர் எடுத்த பிரையர். ஒரு பத்தைச் செடியின்ர வேர்முண்டு அது, நெருப்புக்கு லேசில எரியாது. இஞ்சினியர் ஐயா துடைச்சுக்கொண்டிருந்தது அநேகமா அந்த இனம்தான்.

(காட்சி: திரும்பவும் காவல் கொட்டில்.)

அப்ப சுங்கான் ஏன் இஞ்ச வரேல்ல? என்ர எண்ணம் இதுதான். சுங்கான் எண்டது தூரத்தில இருந்து வாற இலையைக் கிள்ளிக் கிள்ளிச் செலவழிக்கிற கருவி. எங்களுக்கு இலை வேலிக்கு அங்கால. யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலயே திருவிதாங்கூருக்குக் கப்பலேறினது. அங்க அதைச் சப்பினவை. தென்னிலங்கைப் பட்டினங்களில எங்கட ஆக்கள் சுருட்டுக்கடை வைச்சவை. இரணைமடுக் குளத்துக்குக் கீழே குடியேற வந்த சனத்தோட சுருட்டும் வந்தது. இலையே குழாய், இலையே மூடி. ஆங்கிலத்தில செரூட் எண்ட சொல்லே எங்கட சுருட்டில இருந்து போனதுதான்.

இந்தியாவிலயும் இலை விளைஞ்சுதுதானே, அங்க உக்கா இருந்துதே எண்டு கேப்பியள். நல்ல கேள்வி. உக்காவுக்கு ஒரு திண்ணை வேணும், தணல் கொண்டுவர ஒராள் வேணும். காவல் கொட்டிலில அப்புவின்ர ஒரு கையில டோர்ச், மற்றக் கையில யானை வெடி. வெடித் திரியைப் பத்தவைக்கிறதும் வாயில கிடக்கிற அதே சுருட்டு நெருப்பாலதான்.

கடைசியா, 1600ஆம் ஆண்டுக் களிமண் சுங்கானின்ர படத்தை ஃபோனில காட்டினன். அப்பு கண்ணைச் சுருக்கிப் பாத்தார்.

"இதென்ன, பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமானோ?"

"இல்லையப்பு, பெரியாக்கள் பத்தினது. அப்ப இலை சரியான விலை."

காதில இருந்த குறைச் சுருட்டை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில பிடிச்சார்.

"என்ர சாம்பல்கூட இதுக்குள்ள அடங்காது."

தீப்பெட்டியைத் தட்டினார். தேத்தண்ணி வந்திட்டுது.