முதல் நாள் முதல் காட்சியில் பாட்டு ஏன் "மொக்கை" ஆகுது? விசில் தின்னுற எழுத்துகள்!

(திரையில்: புதுச்சேரி தியேட்டர் வாசல். கட்அவுட், பறக்கிற காகிதத் துண்டுகள், கூட்டத்தோட வெளியே வர்ற பதினாறு வயசுப் பையன்.)

"படம் ஓகே. பாட்டுதான் செம மொக்கை."

மூணு வாரமா ரிங்டோனா வச்சிருந்த அதே பாட்டைத்தான் அவன் இப்படிச் சொல்றான்! பாட்டு மாறல. ஆனா அதுல பாதி எழுத்து அவன் காதுக்கே வந்து சேரல. எந்த எழுத்து வரலன்னு சொல்றேன், அசந்துடுவீங்க.

முதல்ல கொஞ்சம் அடிப்படை, வேகமா முடிச்சிடறேன். 5.1 தியேட்டர்ல திரைக்குப் பின்னால இடது, நடு, வலதுன்னு மூணு ஸ்பீக்கர். சுவர்கள்ல நம்மைச் சுத்தி சத்தம் தர்ற சரவுண்ட் ஸ்பீக்கர். அந்த ".1" என்கிறது 120 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 120 அதிர்வு) கீழ வர்ற கனமான சத்தத்துக்கான சப்-வூஃபர் ஸ்பீக்கர். அட்மாஸ்னா கூரையிலயும் ஸ்பீக்கர். போதும்.

(திரையில்: கடலூர் – புதுச்சேரி பஸ், ஜன்னல் சீட், கையில போன்.)

கடலூர்ல பஸ் ஏறி கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டற வரைக்கும் போன் ஸ்பீக்கர்லயே பாட்டு ஓடுது. அந்தக் குட்டி ஸ்பீக்கரால 100 ஹெர்ட்ஸ் பேஸை, அதாவது கனமான அடிச் சத்தத்தை, ஒழுங்கா எழுப்ப முடியாது. ஆனா அதோட மடங்குகளான 400, 500, 600 ஹெர்ட்ஸ் வருது. நடுவுல இருக்கிற இடைவெளி 100ன்னு பிடிச்சுக்கிட்டு, இல்லாத அடி ஸ்வரத்தை மூளையே கட்டிக்குது! உண்மையான பேஸ் குறுக்கே நிக்காததால பாடகர் குரல் பளிச்சுன்னு முன்னால வரும். மூணு வாரமா அவன் மனப்பாடம் பண்ணினது இந்தப் பாட்டைத்தான்.

இப்போ தியேட்டருக்குள்ள வாங்க. ஹீரோ என்ட்ரி. விசில்!

(திரையில்: "உயிர்" நீல நிறத்துல, "மெய்" சிவப்புல.)

எனக்கு இந்த வீடியோவுலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஆ, ஈ, ஊ மாதிரி உயிரெழுத்துகளோட பலம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழ. க, ச, ட, த மாதிரி வல்லினத்தை ஒண்ணுலேருந்து ஒண்ணு பிரிச்சுக் காட்டுற சத்தம் பெரும்பாலும் 2,000க்கு மேல. விரலை மடக்கி அடிக்கிற விசில் எங்க இருக்கும்? சுமாரா 2,000லேருந்து 4,000 ஹெர்ட்ஸ்! நம்ம காது ரொம்பக் கூர்மையாக் கேட்கிற பகுதியும் அதுதான். இருநூறு பேர் விசிலடிச்சா வல்லினம் மொத்தமும் அதுக்கடியில புதைஞ்சு போகும். ம, ன மாதிரி மெல்லினத்தோட முனகல் 300 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறதால அது தப்பிச்சிடும். "பட்டாசு"ன்னு பாடினா காதுக்கு வர்றது "அ...ஆ...உ". "மாமன்"னு பாடினா ஏறக்குறைய முழுசா வந்து சேரும். இலக்கணப் புத்தகத்துல வல்லினம். முதல் காட்சியில அதுதான் முதல்ல சாகுது!

பாடலாசிரியர் ராத்திரி பகலா உட்கார்ந்து செதுக்கின எதுகையும் மோனையும் அங்கதான் காணாமப் போகுது. அதைக் கேட்காமலே மொக்கைன்னு சொல்றது நியாயமே இல்ல, தம்பி.

சரி, வால்யூமை ஏத்தினா? தியேட்டர் சவுண்ட் பிராசஸர்ல 7ன்னு ஒரு அளவு இருக்கு. மிக்ஸிங் ஸ்டுடியோவுல கேட்ட அதே சத்தத்துக்கான அளவு அது. அந்தப் பகுதியில ஒரு எண் நகர்ந்தா சத்தம் சுமார் 3.3 டெசிபெல் (சத்தத்தோட அளவு) மாறும். சத்தம் தாங்கலன்னு யாராவது சொல்லி 5ல வச்சிருந்தா, கிட்டத்தட்ட 7 டெசிபெல் போச்சு. கூட்டத்துக்காக 8, 9ன்னு ஏத்தினா குரலோட சேர்ந்து டிரம்ஸும் ஏறும், காதுதான் சோர்ந்து போகும்.

சீட் விஷயம்: திரையிலேருந்து மூணுல ரெண்டு பங்கு தள்ளி, நடு சீட். ஓரச் சீட்ல உட்கார்ந்தா தலைக்கு மேல இருக்கிற சரவுண்ட் ஸ்பீக்கர் முன்னால வர்ற குரலை அமுக்கிடும்.

கொண்டாட்டம் வேணும்னா முதல் காட்சிக்குப் போங்க, விசிலும் அடிங்க, அதுக்கு ஈடே கிடையாது. ஆனா பாட்டைப் பத்தித் தீர்ப்புச் சொல்ல ரெண்டாவது வாரம், வேலை நாள், மேட்னி. இதை மட்டும் எனக்காகச் செய்ங்க.

(திரையில்: நாலு வரி எழுதின துண்டுக் காகிதம், பேனா.)

போறதுக்கு முன்னால பல்லவியோட நாலு வரியைக் காகிதத்துல எழுதிக்குங்க. முதல் காட்சி முடிஞ்சதும் கேட்காத எழுத்தை வட்டம் போடுங்க. மேட்னி முடிஞ்சு இன்னொரு தடவை, வேற மையில. அதைப் படம் எடுத்துக் கமெண்ட்ல போடுங்க. எத்தனை வட்டம் வல்லினத்து மேல விழுதுன்னு நான் உட்கார்ந்து எண்ணப் போறேன்.