கல்யாணப் பத்திரிகையில் போடோனி: பெயருக்குச் சரி, முகவரிக்கு வேண்டாம்

[திரை நிறைய ரோமன் 'எம்' எழுத்து]

வணக்கம். மொரிஷியஸில் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனால், காட்டுகிற மாதிரிகளில் ஒன்றிலாவது போடோனி வகை எழுத்துரு இருக்கும். செங்குத்துக் கோடு தடிமன், குறுக்குக் கோடு தலைமுடி அளவு. நுனியில் இருக்கும் சின்னப் பட்டைதான் செரிஃப். இதில் அதுவும் மெல்லிய நேர்கோடு.

[பழைய அச்சுப் பக்கம்]

பாரிஸில் ஃபிர்மான் தீதோ 1784 வாக்கில் உலோகத்தில் இப்படி அச்சு எழுத்து வெட்டினார்; நம் தீவு அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். இத்தாலியின் பார்மாவில் இதையே உச்சத்துக்குக் கொண்டுபோனவர் போடோனி; எழுத்துருவின் பெயரும் அவருடையதுதான். அவ்வளவு மெல்லிய கோடு தாளில் பதிய வழவழப்பான தாள் வேண்டும். அதற்கு 1750களிலேயே வழிகாட்டியவர் இங்கிலாந்தின் பாஸ்கர்வில்.

தாள் சொரசொரப்பாக இருந்தால் இன்றும் அதே சிக்கல்தான். கையால் செய்த தாள் மாதிரி அட்டையில் மெல்லிய கோடு அங்கங்கே விட்டுப்போகும். வெள்ளை அட்டையில் குங்குமச் சிவப்பு மையடித்து எழுத்தை மட்டும் வெள்ளையாக விட்டால், சுற்றியுள்ள மை பரவி அந்தக் கோட்டை மூடிவிடும். தங்க ஃபாயிலா? பெரிய எழுத்துக்கு மட்டும்.

[இரண்டு அளவில் ஒரே எழுத்து]

போடோனி ஒவ்வொரு அளவுக்கும் தனியாக எழுத்து வெட்டினார். கணினியிலோ பெரிய அளவுக்கு வரைந்ததையே 8 பாயின்டுக்குச் சுருக்கிவிடுகிறோம். கோடு காணாமல் போகிறது. இலவசமாகக் கிடைக்கும் 'போடோனி மோடா' எழுத்துருவில் அளவுக்கேற்பக் கோட்டின் தடிமனை மாற்றும் வசதி உண்டு. 'பிளேஃபேர் டிஸ்பிளே' தலைப்புக்கென்றே வரைந்தது. எதுவானாலும், 'போல்டு' பொத்தானை அழுத்தி செயற்கையாகத் தடிப்பாக்காதீர்கள், அழகே போய்விடும்.

[திரையில் 'முனிசாமி', ரோமன் சிறிய எழுத்தில்]

நம் பெயர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. முனிசாமி என்று ரோமனில் எழுதிப் பாருங்கள்: எம், யு, என், ஐ, வரிசையாகச் செங்குத்துக் கோடுகள். கம்பி வேலி மாதிரி கண் கூசும். எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டு, பெரிய அளவில் வையுங்கள். மண்டபத்தின் பெயர், நேரம், தொலைபேசி எண் எல்லாம் சாதாரண, தடிமன் சீரான எழுத்துருவில் போகட்டும்.

அப்புறம் தமிழ் வரி. பக்கத்தில் ரோமன் இவ்வளவு ஒய்யாரமாக நிற்கும்போது, தமிழை ஏதோ கிடைத்த ஃபாண்டில் மூலையில் ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. 1998இல் புது ரூபாய் நோட்டில் இந்திக்குக் கீழே தமிழை இறக்கியதற்கு இங்கே எழுந்த எதிர்ப்பில், அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். தடிப்பும் மெலிவும் உள்ள 'நோட்டோ செரிஃப் தமிழ்' போடோனியோடு ஒத்துப்போகும். ஒரே பாயின்ட் எண் கொடுத்தால் இரண்டும் ஒரே அளவாகத் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

[கைபேசித் திரை]

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், அது படத்தைச் சுருக்கும்போது மெல்லிய கோடுகள்தான் முதலில் மங்கும். பி.டி.எஃப் ஆக அனுப்புங்கள். படம்தான் வேண்டுமென்றால், பெயர்களை இன்னும் பெரிதாக்கி, கைபேசிக்கென்று தனியாக ஒன்று செய்துகொள்ளுங்கள்.